கத்தாழை நாரும் எங்க அப்பத்தா கையும்

மலருக்கு எழுதித் தரச் சொன்னதும் என்ன எழுதுறதுன்னு யோசித்தேன். வாசலில் கன்றுக்குட்டியைக் கட்டிய நைலான் கயிறு கண்ணில் பட்டது. கயிற்றின் கதையையே எழுதுகிறேன்.

இப்போ கயிறுன்னா கடைக்குப் போகிறோம். எங்க அப்பத்தா காலத்தில் வேலி ஓரத்துக்குத்தான் போவார்கள். கமலை இறைக்க வடக்கயிறும் வால்கயிறும் வேணும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கன்றுக்குத் தும்பு, மோர்ப்பானை தொங்க உறி. எல்லாம் வீட்டிலேயே திரித்தது.

நார் தரும் பழைய செடிகளில் ஒன்று மருள். சங்க காலத்து மலைபடுகடாத்தில் மரல் நாரில் பூத்தொடுத்துச் சூடியதாக வருதுன்னு எங்க தெரு டீச்சர் சொன்னார்கள். அந்த மரல்தான் நம்ம மருள். எருக்கம் பட்டையிலும் நல்ல உறுதியான நார் இருக்கு.

கத்தாழை மட்டும் வெளியூர்ச் செடி. நான் சொல்வது சோற்றுக்கத்தாழை இல்லை, முள்ளு வைத்த ஆனைக்கத்தாழை. அதற்குச் சொந்த ஊர் மெக்சிகோ. ஐரோப்பியர்கள் மூலமாக இங்கே வந்தது. தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு தண்டவாளம் நீள நீள, ஆடு மாடு உள்ளே வராமல் இருக்க ஓரத்தில் இதை வேலியாக நட்டார்கள். அதனால்தான் ரயில் கத்தாழைன்னு பேர். வேலிக்கு வந்த செடியை நம்ம ஜனங்க கயிறாக்கிவிட்டார்கள்.

அது லேசான வேலை இல்லை. மடலை அறுத்து, முள்ளைச் சீவி, கட்டையால் நசுக்கி, தண்ணீரில் ஊறப் போடணும். அழுகின பிறகு கல்லில் அடித்து அலசிக் காய வைக்கணும். நாற்றம் தாங்காது. சாறு பட்டால் கையெல்லாம் அரிக்கும். 100 கிலோ மடலுக்கு 3, 4 கிலோ நார்தான் கிடைக்கும்.

நாரை ஒரு பக்கமாக முறுக்கினால் புரி. மூணு புரியைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. புரி பிரியப் பார்த்தால் கயிறு இறுகும், கயிறு பிரியப் பார்த்தால் புரி இறுகும். முடிச்சே இல்லாமல் நிற்பது இதனால்தான்.

பம்புசெட் வந்தது, கமலை போனது. அமெரிக்காவில் 1938ல் அறிவித்த நைலான் நம்ம ஊர்ச் சந்தைக்கும் வந்தது. விலை குறைவு, நனைந்தாலும் மக்காது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அரிப்பிலிருந்து அப்பத்தாவுக்கு விடுதலை கிடைத்ததே!

ஆனால் ஒன்று மனசை உறுத்துது. தாத்தா இறைத்த தண்ணீருக்கும் விளைந்த நெல்லுக்கும் கணக்கு இருந்தது. அப்பத்தா அடித்த நாருக்கு எந்தக் கணக்கும் இல்லை. "வீட்டு வேலைதானே" என்றே போய்விட்டது. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் நம்ம மாநிலத்தின் சுயஉதவிக்குழுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் பேருக்கு எதிரே ஒரு தொகை எழுதும் நோட்டு வந்தது.

அப்பத்தா இப்போ இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேனே தவிர, கத்துக்கவில்லை. போன மாசம் திரித்துப் பார்த்தேன், பாதியில் பிரிந்துவிட்டது. உங்கள் குழுவில் நார் உரித்த பாட்டிகள் யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. அவர்கள் பேரையும், தெரிந்த வேலையையும் தீர்மான நோட்டில் முதலில் எழுதுவோம். பிறகு உட்கார்ந்து கத்துக்குவோம்.