மர இடுக்கியும் மரக்கலமும்: வட ஐரோப்பியப் படகுத் தொழிலில் உழைப்பின் வரலாறு குறித்து

கடல்சார் வரலாறு எழுதப்படும்போது கலங்கள் முதலிடம் பெறுகின்றன. அவற்றை உடைமையாகக் கொண்ட அரசரும் வணிகரும் அடுத்த இடத்தைப் பெறுகின்றனர். கலத்தைக் கட்டிய தொழிலாளர் பற்றிய செய்தி அரிதாகவே கிடைக்கின்றது. அவர்கள் கையாண்ட கருவிகள் பற்றிய செய்தி அதனினும் அரிது. கிடைக்கும் செய்தியும் கோடரி, வாய்ச்சி, துறப்பணம் முதலியனவற்றைப் பற்றியதாகவே அமைகின்றது. இதற்குக் காரணம் உண்டு. வெட்டுங் கருவியும் துளைக்குங் கருவியும் மரத்திலே தம் தழும்பை விட்டுச் செல்கின்றன. அத்தழும்பைக் கொண்டு கருவியின் வாய் எத்துணை அகலமானது என்பதைக்கூட ஆய்வாளர் கணித்துவிடுவர். பற்றிப் பிடிக்குங் கருவியோ வேலை முடிந்ததும் அகற்றப்படுவது. முடிந்த படகில் அதற்கு இடமில்லை.

அத்தகைய கருவி ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. வட ஐரோப்பியக் கரைகளில், பலகையின் மேற் பலகை படியும் முறையிற் படகு கட்டியோர் பயன்படுத்திய மர இடுக்கியே அது. படகின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை உற்பத்தி நடைமுறையில் யார் கையில் இருந்தது என்ற வினாவை ஆராய்வதற்கு இச்சிறு கருவி பெரிதும் உதவும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கருவியும் அதன் வினையும்

நோர்வே, சுவீடன், டென்மார்க் முதலிய நாடுகளின் பழைய படகுகளில் ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பும் அதற்குக் கீழுள்ள பலகையின் மேல் விளிம்பின்மீது சிறிதளவு படிந்து நிற்கும். அப்படிவின் ஊடாகத் துளையிட்டு, வெளிப்புறத்திலிருந்து இரும்பாணியைச் செலுத்தி, உட்புறத்தில் ஒரு சிறு தகட்டை மாட்டி, ஆணியின் முனையை அதன்மேல் அடித்து மடக்குவர். இரு பலகைகளுக்கும் இடையே தாரில் நனைத்த கம்பளி நூலோ விலங்கு மயிரோ வைக்கப்படும். எனவே நீர் புகாமை இப்படிவின் இறுக்கத்திலேயே தங்கியுள்ளது. ஆணி இறுக்கத்தைக் காக்குமேயன்றி, விலகி நிற்கும் பலகைகளை இழுத்துப் பொருத்தாது. ஆணி செல்வதற்கு முன்னரே பலகைகள் நெருங்கிப் படிந்திருத்தல் வேண்டும்.

இப்பணியையே இடுக்கி செய்கின்றது. உறுதியான மரத்தாலான இரு நீண்ட கைகள். அவற்றை இடையில் இணைக்கும் ஓர் அச்சு. பின்முனைகளுக்கிடையே அடிக்கப்படும் ஓர் ஆப்பு. இவ்வளவே அதன் உறுப்புகள். ஆப்பு உட்செல்லப் பின்முனைகள் விரியும். முன்முனைகள் ஒன்றையொன்று நெருங்கிப் பலகைகளைக் கவ்வும். அச்சு முன்முனைக்கு அணித்தாக அமையுமாயின் பிடியின் வலிமை பெருகும். ஆப்பின் சரிவு சிறிதாயிருப்பதால் உராய்வே அதனை நழுவாமற் காக்கும். விடுவிப்பதற்குப் பக்கவாட்டில் ஒரு தட்டுப் போதும். திருகாணியோ இரும்போ இன்றியமையாதன அல்ல. தேவைப்பட்டபோது படகு கட்டுபவரே தம் கைப்படச் செய்துகொள்ளத்தக்கது இக்கருவி.

கைகள் நீண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. புதிய பலகை பொருந்த வேண்டிய இடம் அதன் கீழ் விளிம்பு. இடுக்கியை நுழைக்கக்கூடிய வெளியோ அதன் மேல் விளிம்பில் மட்டுமே உண்டு. ஆகவே இடுக்கியின் கவை, பலகையின் அகலம் முழுவதையும் கடந்து கீழே எட்ட வேண்டும். அகன்ற பலகைகளைக் கொண்டு கட்டும் வழக்கமுள்ள இடத்தில் நீண்ட இடுக்கி வேண்டும். கருவியின் அளவை மரத்தின் அளவு தீர்மானித்தது எனலாம்.

சான்றுகளின் மௌனம்

இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்னுமிடத்தில் 1939 இல் அகழப்பட்ட கலம் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு தலைவனுடன் புதைக்கப்பட்ட அக்கலம் ஏறத்தாழ 27 மீற்றர் நீளமானது. அதன் மரம் முழுவதும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மணலிற் பதிந்த வடிவும், வரிசை வரிசையாக நின்ற இரும்பாணிகளுமே எஞ்சின. அவ்வாணிகளைக் கொண்டே பலகைகளின் எண்ணிக்கையும் கலத்தின் வளைவும் அறியப்பட்டன. ஆணியை அறைந்தவனின் வேலை இவ்வாறு சான்றாகிவிட்டது. ஆணி அறையப்படும்வரை பலகையைப் பிடித்து நின்ற கருவிக்கும் கைக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

நோர்வேயில் 1880 இல் அகழப்பட்ட கொக்ஸ்டாட் கலம் இதற்கு மாறாக மரத்தோடு கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் 16 பலகை வரிகளைக் கொண்ட அக்கலத்தின் ஒழுங்கு காண்போரை இன்றும் வியப்பிலாழ்த்துவது. முடிந்த கலத்தை அது நமக்குக் காட்டுகின்றது; பலகைகள் ஏற்றப்பட்ட வினையைக் காட்டவில்லை.

ஓவியச் சான்றும் இத்தகையதே. 1066 இல் நோர்மன் படை இங்கிலாந்தைக் கைப்பற்றிய நிகழ்ச்சியைச் சித்திரிக்கும் பேயோ சித்திரத் துணியிற் கப்பல் கட்டும் காட்சி உண்டு. மரம் வெட்டுவோர், பலகை செதுக்குவோர், கலத்தின் உள்ளும் புறமும் நின்று வேலை செய்வோர் அதில் இடம்பெறுகின்றனர். கோடரிகள் தெளிவாகத் தெரிகின்றன. இடுக்கி காணப்படவில்லை.

எழுத்துச் சான்றுக்கு ஐஸ்லாந்து அறிஞர் சுனோரி ஸ்தூர்லுசன் 13 ஆம் நூற்றாண்டில் எழுதிய நோர்வே அரசர் வரலாற்றை நோக்கலாம். ஒலாவ் திரிக்வசன் என்ற மன்னனுக்காக ‘நெடும் பாம்பு’ என்ற போர்க்கலம் கட்டப்பட்ட கதை அதில் வருகின்றது. தோர்பேர்க் என்ற கம்மியன் ஓரிரவிற் பலகைகளிலே வெட்டுக்களை இட்டுவிடுகின்றான். மன்னன் சினந்து உயிர்த் தண்டனை விதிக்கப்போவதாக மிரட்ட, அவ்வெட்டுக்களின் ஆழத்துக்குப் பலகைகளைச் செதுக்கிக் கலத்தை முன்னினும் அழகுறச் செய்து மன்னனின் பாராட்டைப் பெறுகின்றான். பொருத்துவோரும் செதுக்குவோரும் ஆணி அடிப்போரும் மரஞ் சுமப்போருமாகப் பலர் அங்கு வேலை செய்தனர் என்பதையும் ஆசிரியர் ஒரு வரியிற் கூறிச் செல்கின்றார். அப்பலருக்குப் பெயரில்லை. பொருத்துவோர் எதனைக் கொண்டு பொருத்தினர் என்பது அவருக்குச் சொல்லத்தக்க செய்தியாகத் தோன்றவில்லை. அரசனுடன் உரையாடியவன் வரலாற்றிற் புகுந்தான். பலகையைப் பிடித்து நின்றவர்கள் ஒரு தொகைப் பெயராயினர்.

இம்மௌனத்தை ஓரளவு நீக்கியவை இரண்டு. ஒன்று, கரையோரக் குடும்பங்களில் அறுபடாது வந்த தொழில் மரபு. மற்றையது, பழைய கலங்களை மீளக் கட்டிப் பார்க்கும் ஆய்வு முறை. டென்மார்க்கின் றொஸ்கில்ட கடற்கழியிலிருந்து 1962 இல் ஐந்து கலங்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் நீண்ட போர்க்கலம் 1042 அளவில் டப்ளின் பகுதியிற் கட்டப்பட்டதென அதன் மரவளையங்கள் காட்டின. அக்கலத்தின் பிரதி 2004 இல் வெள்ளோட்டம் விடப்பட்டு 2007 இல் டப்ளினுக்குப் பாயிற் சென்றது. நூலறிவு மட்டும் இத்தகைய பணிக்குப் போதுவதன்று. எவ்விடத்தில் எத்தனை இடுக்கிகள் வேண்டும், எப்போது ஆப்பைத் தளர்த்த வேண்டும் என்பன போன்ற அறிவைத் தொழில் செய்வோரின் கைகளே பேணி வைத்திருந்தன.

பிடிப்பும் தீர்ப்பும்

இம்முறையிற் கட்டப்படும் படகுக்கு முதலில் எலும்புக்கூடு இல்லை. அடிமரமாகிய ஏராவை வைத்து, அணியத்திலும் கடையாலிலும் நிலைமரங்களை நிறுத்தி, கீழிருந்து மேலாகப் பலகைகளை ஏற்றுவர். உள்ளே வங்குகள் பின்னரே பொருத்தப்படும். ஆகவே படகின் வடிவத்தைத் தருவது பலகையே. ஒவ்வொரு பலகையும் எந்தச் சாய்வில் நிற்கின்றது என்பதிலேயே படகின் அகலமும் வேகமும் அலையைத் தாங்கும் வலிமையும் தங்கியுள்ளன.

பலகையை இடுக்கியிற் பிடித்து நிறுத்தியதும் கட்டுபவர் சற்று விலகி நின்று பார்ப்பார். மட்டக்கோலால் அளப்பார். ஆப்பைத் தட்டிப் பலகையை இறக்கி, விளிம்பைச் செதுக்கி, மீண்டும் ஏற்றுவார். இது பலமுறை நிகழலாம். ஆணி அடித்தபின் மாற்றுதல் கடினம். இடுக்கியிற் பிடித்திருக்கும்வரை அனைத்தும் மாற்றத்தக்கன. சோதனைக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தை இடுக்கியே உண்டாக்கித் தருகின்றது. வடிவமைப்பு என நாம் இன்று கூறும் அறிவுத் தொழில், கட்டுமானம் என்னும் உடலுழைப்பிலிருந்து பிரியாது இக்கணத்திலேயே நிகழ்ந்தது. வரைபடம் இல்லாமை இம்மக்களின் அறியாமைக்குச் சான்றன்று. அவர்தம் வரைபடம் பலகையிலேயே இருந்தது.

இதன் பொருளியற் பக்கமும் கருதத்தக்கது. முறுக்கி நிற்கும் நீண்ட பலகையை மனிதக் கைகளாற் பிடிப்பதாயின் பலர் வேண்டும். வரிசையாக இடுக்கிகள் இருக்குமாயின் இருவர் அல்லது மூவர் போதும். நோர்வேயின் கரையோரத்தில் மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் ஒருங்கே செய்த குடும்பங்கள் தம் கொட்டில்களிற் படகு கட்டி விற்கும் தொழிலை மேற்கொள்ள முடிந்தமைக்கு இத்தகைய எளிய கருவிகள் துணைநின்றன. மரவளமற்ற ஷெட்லாந்துத் தீவினர் நோர்வேயிலிருந்து படகுகளைப் பலகை பலகையாகப் பிரித்த நிலையிற் கொள்வனவு செய்து தம் கரையிற் பொருத்திக்கொண்டமை, இத்தொழில் ஒரு கடல் கடந்த சந்தைக்கும் உற்பத்தி செய்தது என்பதைக் காட்டும்.

எனினும் இம்முறையைச் சமத்துவப் பொற்காலமாகக் கற்பனை செய்தல் தகாது. இதே தொழில் நுணுக்கத்தாற் கட்டப்பட்ட போர்க்கலங்களே கொள்ளைக்கும் அடிமை வாணிபத்துக்கும் சென்றன. நோர்வே மன்னர் கரையோரக் குடியானவர் மீது கலமும் ஆளும் தரும் கடமையைச் சுமத்தினர். கம்மியனிடம் வடிவத்தின் மீதான உரிமை இருந்தது. கலத்தின் பயன் மீதான உரிமை இருக்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

வரைபடத்தின் வருகை

பதினைந்தாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. இங்கிலாந்து மன்னன் ஐந்தாம் ஹென்றிக்காக 1418 இற் கட்டப்பட்ட ‘கிறேஸ் டியூ’ என்ற மாபெருங் கலத்தில் மும்மடிப் பலகைகள் படிவு முறையில் அறையப்பட்டன. பழைய முறை தன் எல்லையைத் தொட்டமைக்கு அதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன்பின் பெருங்கலங்களுக்கு வேறு முறை வழக்காயிற்று: வங்குகளை முதலில் நிறுத்தி, அவற்றின்மீது பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர அறைதல். பீரங்கிகளுக்கான வாயில்களை மட்டமான பக்கங்களில் அமைப்பதும் இம்முறையில் எளிதாயிற்று. 1545 இல் மூழ்கிய ‘மேரி றோஸ்’ போர்க்கப்பலின் பக்கங்கள் இவ்வாறு அமைந்தனவே.

இப்போது வடிவத்தைத் தருவது வங்கு. வங்கின் வளைவைத் தருவது வரைபடம். மத்தியூ பேக்கர் என்ற அரச கப்பற் கம்மியர் 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரைந்த கப்பல் வரைபடங்கள் கேம்பிரிட்ஜிலுள்ள பெப்பிஸ் நூலகத்திற் பேணப்படுகின்றன. அவை இம்மாற்றத்தின் சிறந்த ஆவணங்கள். பலகையைப் பற்றும் கருவிகள் புதிய முறையிலும் நீடித்தன. முட்டுக்கால்களும் ஆப்புகளும், பின்னர் இரும்புத் திருகு இடுக்கிகளும் பயன்பட்டன. ஆயினும் அவற்றின் வினை மாறிவிட்டது. முன்னரே தீர்மானிக்கப்பட்ட வளைவுக்குப் பலகையைப் பணிய வைப்பதே அவற்றின் வேலையாயிற்று. விலகி நின்று பார்த்துத் தீர்ப்பளிக்கும் பொறுப்பு பலகை ஏற்றுபவனிடமிருந்து வரைபவனிடம் சென்றது. புதிய முறையிலும் கைத்திறன் பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் தலையுழைப்பும் கையுழைப்பும் பிரிந்த வரலாற்றில் இஃது ஒரு தெளிவான கட்டம்.

நமது கரைகள்

பற்றும் கருவி இணைப்பு முறையைச் சார்ந்தது என்பதற்கு இந்து சமுத்திரம் மற்றொரு சான்று. இங்கு நெடுங்காலமாகப் பலகைகள் கயிற்றாற் தைக்கப்பட்டன. இலங்கைக் கரைகளின் ஒருவகைத் தோணியில், குடைந்த அடிமரத்தின்மீது பக்கப் பலகைகள் தும்புக் கயிற்றாற் தைக்கப்படுவதைக் காணலாம். கயிறு பலகையை இழுத்து நெருக்கவும் செய்கின்றது. நிலையாகப் பிணிக்கவும் செய்கின்றது. வடக்கே இடுக்கியும் ஆணியும் பங்கிட்டுக்கொண்ட வேலையை இங்குக் கயிறே பெரிதும் ஏற்றது.

இவ்விரு கரைகளும் அண்மைக் காலத்தில் நேரடியாகச் சந்தித்தமை குறிப்பிடத்தக்கது. 1960 களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியுடன் உருவான சீநோர் நிறுவனத்தின் படகுத்தளம் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் அமைந்தது. மர இடுக்கியைப் பேணிய நாட்டிலிருந்து நமக்கு வந்தது கண்ணாடியிழைப் படகு. அதற்குப் பலகையும் இல்லை. பற்றும் கருவியும் வேண்டியதில்லை. வடிவம் அச்சிலே உள்ளது. ஓர் அச்சிலிருந்து பல படகுகள் பிறக்கும். மீனவருக்கு அது நன்மை செய்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. நோர்வேயிலும் அக்காலத்தில் மரப்படகு இவ்வாறே பின்தள்ளப்பட்டது. எனினும் அங்குக் கருவிகளும் தொழில் முறைகளும் பதிவு செய்யப்பட்டன; இளைஞர் தொழில் பயிலக் களங்கள் அமைந்தன. 2021 இல் ஐந்து நோர்டிக் நாடுகளின் இப்படகு மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததை நாம் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம். அக்கப்பலின் பெயரும் பயணமும் நமக்குத் தெரியும். அதன் பலகைகளை வளைத்துப் பற்றிய கருவிகள் எவை, அவற்றுக்கு ஓடாவிகள் வழங்கிய பெயர்கள் எவை என்னும் வினாக்களும் அப்பெருமையோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியவை. போரும் இடப்பெயர்வும் கரையோரக் கொட்டில்களைச் சிதைத்துவிட்டன. எனினும் அத்தொழிலை அறிந்த முதியோர் சிலரேனும் இன்னும் உளர். அவர்களிடமுள்ள கருவிகளை அளந்து வரைதலும், சொற்களைத் தொகுத்தலும், வினை நிகழும் முறையை அவர்தம் வாய்மொழியிலேயே பதிவு செய்தலும் பெருநிதி வேண்டும் பணிகளல்ல. பல்கலைக்கழக மாணவர் ஒரு விடுமுறைக் காலத்திலேயே இதனைத் தொடங்கலாம். எழுதப்பட்ட ஆவணங்கள் தலைவர்களைப் பற்றியே பேசுமிடத்து, உழைத்தோரின் வரலாற்றுக்கு வேண்டிய மூலங்களை இவ்வாறே நாம் உருவாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.