எளிய தபாலும் அரிய நம்பிக்கையும்

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துவது அவ்வளவு பெரிய வித்தையா என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. சர்வர் என்றதும் ஹோட்டலில் காப்பி கொண்டு வருகிறவரை நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் இருவருக்கும் தொழில் ஒன்றுதான்: சேரவேண்டியதைச் சேரவேண்டியவரிடம் சேர்ப்பது!

1982-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் மின்னஞ்சல் கொண்டுபோவதற்கு விதிகள் எழுதி வெளியிட்டார். அந்த முறையின் பெயரிலேயே 'எளிய' என்ற சொல் இருக்கிறது. ஒரு சர்வர் இன்னொன்றை அழைத்து, 'நான் இன்னார், கடிதம் இவரிடமிருந்து, இவருக்கு' என்று சொல்லிக் கடிதத்தை ஒப்புவிக்கும். மற்றது 'சரி' என்று வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான்.

பின், சிரமம் எங்கிருந்து வந்தது? முதலில் விலாசத்திலிருந்து வந்தது. அந்நாளில் வலைப்பின்னல்கள் பல. ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதும் வழக்கம் வேறு. பெர்க்கிலி சர்வகலாசாலையில் எரிக் ஆல்மன் எழுதி 1983-ல் வெளிவந்த 'செண்ட்மெயில்', அத்தனையையும் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதன் அமைப்புக் கோப்பில் டாலர்க் குறியும் நட்சத்திரக் குறியும் மண்டிக் கிடக்கும். கைதேர்ந்த ஜோசியர்கூடத் திகைத்துப் போவார்! 1993-ல் அதை விளக்க வந்த புத்தகம் 700 பக்கங்களைத் தாண்டியது.

அந்தச் சிக்கல் மெல்லத் தீர்ந்தது. 1998-ல் வீட்ஸ வெனிமா வெளியிட்ட 'போஸ்ட்ஃபிக்ஸ்' போன்றவற்றைப் பொறுமையுள்ளவர் ஒரு பிற்பகலில் ஓடவைத்துவிடலாம்.

இரண்டாவது சிரமம் மனிதனிடமிருந்து வந்தது. அனுப்புகிறவன் சொல்லும் பெயர் மெய்தானா என்று விசாரிக்கப் போஸ்டலின் விதியில் இடமே இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. வழிப்போக்கன் கொடுத்த கடிதத்தைக்கூட வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்பும் தாராளம் பழைய சர்வர்களுக்கு இருந்தது. 1990-களில் விளம்பரக்காரர்கள் அந்தத் திறந்த கதவுகளின் வழியே குப்பையைக் கொட்டினார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. 1997-ல் பால் விக்ஸி முதலியோரின் கறுப்புப் பட்டியல் வந்தது. பிறகு, எந்தச் சர்வருக்கு அனுப்ப உரிமை என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., கடிதத்தில் முத்திரை வைக்கும் டி.கே.ஐ.எம்., போலியை என்ன செய்வதென்று சொல்லும் டிமார்க் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மொத்தமாகக் கடிதம் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகிளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கின.

இவற்றை எழுதிவைப்பது சில வரி வேலைதான். ஆனால் எல்லாம் சரியாக எழுதிய பிறகும், புதிதாய்க் கடை விரித்த சிறு சர்வரின் கடிதம் குப்பைக் கூடைக்குப் போய்விடலாம். காரணம் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. ஆகவே, சர்வர் அமைப்பது கடினமில்லை, அந்நியனாக வந்து நற்பெயர் எடுப்பதே கடினம் என்பேன்.

யாரும் தம் வீட்டிலேயே தபால் நிலையம் வைக்கலாம் என்ற உரிமையைப் போஸ்டலின் விதி இன்றும் மறுக்கவில்லை. சிரமம் பார்த்து எல்லோரும் நாலைந்து பெரிய கம்பெனிகளிடம் போய்விட்டால், அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும். அதைக் கையாளுகிறவர்கள் ஊருக்குச் சிலராவது இருக்கட்டும்.