துயரத்தைப் பாட்டாக்கிய தாகூர்



இரவீந்திரநாத தாகூர் என்றதும் வெண்தாடியும் நீண்ட அங்கியும் நம் கண்முன் வந்து நிற்கும். 1913ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர், அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் என்று பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒரு மனிதர் எத்தனை முறை இடுகாட்டுக்குப் போய்த் திரும்ப முடியும் என்று நாம் திகைத்துப் போவோம். இன்று அவர் பெற்ற புகழைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அவர் யார் யாரை இழந்தார், இழந்த பின் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தாகூர் 1861ஆம் ஆண்டு கல்கத்தாவில், ஜோராசாங்கோ என்னும் பகுதியிலிருந்த பெரிய வீட்டில் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயது நிறைவதற்குள் தாயார் இறந்துவிட்டார். தாயற்ற பிள்ளையை அணைத்துக்கொண்டவர் அண்ணி காதம்பரி தேவி. அண்ணன் ஜோதிரிந்திரநாதரின் மனைவியாக அந்த வீட்டுக்கு அவர் வந்தபோது அவரே ஒன்பது வயதுச் சிறுமிதான்; தாகூருக்கு ஏழு வயது. இருவரும் விளையாட்டுத் தோழர்களாக வளர்ந்தார்கள். தாகூர் எழுதிய கவிதைகளை முதலில் கேட்டவரும், குறை சொல்லித் திருத்தியவரும் அந்த அண்ணிதான்.

1883 டிசம்பரில் தாகூருக்குத் திருமணம் நடந்தது. நான்கே மாதங்களில், 1884 ஏப்ரலில், காதம்பரி தேவி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பத்தார் அதைப் பற்றி வெளியே பேசவில்லை. அதனால் பிற்காலத்தில் பலர் பலவிதமாகக் கதை கட்டினார்கள். அவற்றை நாம் இங்கே கிளற வேண்டாம். தாகூர் தாமே சொன்னதைப் பார்ப்போம். 1912இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அந்தக் காலத்தை அவர் எழுதியிருக்கிறார். உடை பற்றிய கவலை போயிற்றாம். முரட்டுத் துணி ஒன்றைத் தோளில் போர்த்துக்கொண்டு, காலில் செருப்புடன், கல்கத்தாவின் பெரிய புத்தகக் கடைக்குப் போய் வந்தாராம். மழையென்றும் குளிரென்றும் பாராமல் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் படுத்துறங்கினாராம். பைத்தியக்காரன் என்று ஊரார் நினைத்திருக்கக்கூடும். ஆனால் எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அண்ணியை நினைத்து 'புஷ்பாஞ்சலி' என்னும் உரைநடைப் பகுதியை எழுதினார். அதற்குப் பிறகும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த நினைவு அவர் பாட்டுக்குள் வந்து போய்க்கொண்டே இருந்தது.

1890ஆம் ஆண்டு வாக்கில் குடும்ப நிலங்களை மேற்பார்க்க அவர் பத்மா நதிக்கரையிலுள்ள ஷிலைதஹாவுக்குச் சென்றார். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. அங்கேதான் அவருக்கு இன்னொரு கல்வி கிடைத்தது. படகோட்டிகளின் பாட்டையும், 'பாவுல்' என்று அழைக்கப்படும் நாடோடிப் பாடகர்களின் பாட்டையும் கேட்டார். கடிதம் கொண்டுவரும் ககன் என்னும் தபால்காரர் ஒரு பாட்டைப் பாடுவார். மனத்துக்குள் வாழும் ஒருவனைத் தேடிக் காணாமல் ஏங்கும் பாட்டு அது. தாகூர் அதன் மெட்டை நெஞ்சில் வைத்திருந்து, 1905இல் தாம் எழுதிய 'அமார் சோனார் பாங்லா' பாட்டுக்கு அமைத்தார். 1971இல் வங்காள தேசம் பிறந்தபோது அப்பாட்டு நாட்டுப்பண் ஆயிற்று. ஒப்பாரியும் தப்படித்துப் பாடும் பாட்டும் படிக்காதவர்கள் சங்கதி என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஒரு தபால்காரரின் ஏக்கம் ஒரு தேசத்தின் கீதமானதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

1901 டிசம்பரில் தாகூர் சாந்திநிகேதனத்தில் மரத்தடிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கையில் பணமில்லை. மனைவி மிருணாளினி தம் நகைகளை விற்கக் கொடுத்தார். மாணவர்களுக்குச் சமைத்தும் போட்டார். ஓராண்டுகூட நிறையவில்லை, அவர் நோயில் விழுந்தார். மின்விசிறி இல்லாத காலம் அது. தாதிகளை நம்பாமல், இரவும் பகலும் கணவரே கைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார் என்பார்கள். 1902 நவம்பர் 23ஆம் நாள் மிருணாளினி காலமானார். அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை. மனைவியின் நினைவில் எழுதிய கவிதைகள் 'ஸ்மரண்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டன.

அந்த ஈரம் காயுமுன்னே இரண்டாவது மகள் ரேணுகாவுக்குக் காசநோய் கண்டது. அந்தச் சிறுமிக்கு முந்தின ஆண்டுதான் கல்யாணம் செய்து வைத்திருந்தார். கவிஞரானாலும் இவ்விஷயத்தில் அவர் ஊர் வழக்கத்தை மீறவில்லை. இதை நாம் பாராட்ட முடியாது. மலைக்காற்று நல்லது என்று மகளை இமயமலைப் பக்கம் அல்மோராவுக்குக் கொண்டுபோனார். அங்கே நோயாளி மகளின் அருகிலிருந்து அவர் எழுதியவை என்ன தெரியுமா? குழந்தைக் கவிதைகள்! 'சிசு' என்னும் அத்தொகுதியில் தாயும் பிள்ளையும் கொஞ்சிப் பேசுகிறார்கள், விளையாடுகிறார்கள். வீட்டிலோ தாயில்லை, பிள்ளையும் போய்க்கொண்டிருந்தது. 1903 செப்டம்பரில் ரேணுகா இறந்தாள். அப்பாடல்கள் பல பின்னர் ஆங்கிலத்தில் 'வளர்பிறை' என்று பொருள்படும் பெயரில் 1913இல் வந்து, பல நாட்டுப் பிள்ளைகளையும் மகிழ்வித்தன.

1905இல் தந்தையார் மறைந்தார். 1907 நவம்பரில், விடுமுறைக்கு முங்கேருக்குப் போயிருந்த கடைசி மகன் சமீந்திரன் காலராவில் மாண்டான். அவனுக்குப் பதினொரு வயதுகூட நிறையவில்லை. அந்தச் சாவைப் பற்றித் தாகூர் வெகுகாலம் பேசவில்லை. 1910இல் வங்க மொழியில் 'கீதாஞ்சலி' வெளிவந்தது.

1912இல் உடல்நலம் குன்றி ஷிலைதஹாவில் ஓய்வெடுத்தபோது, தம் பாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்த பையை மூத்த மகன் இலண்டனில் பாதாள ரயிலில் மறந்து வைத்துவிட்டார். நல்லவேளையாக, தொலைந்த பொருள்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் அது கிடைத்தது. இல்லாவிட்டால் நோபல் பரிசுக் கதையே வேறாகியிருக்கும்.

அந்தப் புத்தகம் போன இடங்களுள் ஒன்றைச் சொல்கிறேன். வில்ஃப்ரெட் ஓவன் என்னும் ஆங்கிலேயக் கவிஞர் முதல் உலகப் போரில் சிப்பாய்களை நடத்தும் அதிகாரியாக இருந்தார். 1918இல் கடைசியாகப் போர்முனைக்குப் புறப்பட்டபோது, தாயிடம் விடைபெறுகையில் கீதாஞ்சலி வரிகளைச் சொன்னார். நவம்பர் 4ஆம் நாள், போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், தமது 25ஆம் வயதில் கொல்லப்பட்டார். போர் நின்றதென்று ஆலய மணிகள் ஒலித்த நாளில்தான் சாவுத் தந்தி வீட்டுக்கு வந்தது. மகனுடைய குறிப்புப் புத்தகத்தில் அவன் கையெழுத்திலேயே அவ்வரிகள் இருக்க, அடியில் தாகூரின் பெயரும் இருந்தது. 1920இல் அந்தத் தாய் தாகூருக்குக் கடிதம் எழுதி, அவ்வரிகள் எந்த நூலில் இருக்கின்றன என்று கேட்டார்.

அதே 1918இல் தாகூர் மீண்டும் ஒரு பிள்ளையை இழந்தார். மூத்த மகள் மாதுரிலதா. செல்லமாக பேலா என்பார்கள். 'காபூலிவாலா' கதையில் வாய் ஓயாமல் பேசும் சிறுமி மினிக்குச் சாயல் கொடுத்தவள் இவள்தான். அவளுக்கும் காசநோய். தந்தை நாள்தோறும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சிறுவயதில் சொன்னது போலவே கதை சொல்வார். மே 16ஆம் நாள் வாசலிலேயே செய்தி தெரிந்தது. உள்ளே போகாமல் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

1927இல் தாகூர் ஜாவாவுக்குப் போகும் வழியில் நம் நாட்டுக்கும் வந்தார். சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று பல ஊர்களில் பேசினார். அவரை மாலையிட்டு வரவேற்றவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும்? அப்போது அவருடைய ஐந்து பிள்ளைகளில் இருவர்தாம் எஞ்சியிருந்தார்கள். அதன் பிறகுதான், அறுபது வயது கடந்து, அவர் தூரிகையை எடுத்தார். எழுதிய கவிதையில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து உருவமாக்கும் பழக்கம் ஓவியமாக வளர்ந்தது. 1930இல் பாரிஸில் கண்காட்சி நடந்தது. அவர் வரைந்த பெண் முகங்கள் பலவற்றில் காதம்பரி தேவியின் கண்களைக் காண்போர் உண்டு.

1932 ஆகஸ்டில், ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த பேரன் நிதீந்திரன் இறந்தான். எஞ்சியிருந்த மகள் மீராவின் ஒரே மகன் அவன். மகளைத் தேற்றத் தாகூர் ஒரு கடிதம் எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகள் வாய் திறவாமலிருந்த சமீந்திரன் சாவைப் பற்றி அதில்தான் எழுதினார். மகனைப் பறிகொடுத்த மறுநாள் இரவு அவர் ரயிலில் திரும்பி வந்தாராம். வெளியே வானமெல்லாம் நிலவு. எங்கும் எதுவும் குறைந்த அடையாளமே தெரியவில்லையாம். எல்லாம் நிறைந்திருக்கிறது, அந்த நிறைவுக்குள் நானும் இருக்கிறேன், எனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று மனம் சொன்னதாம். மகளுக்கு அவர் எழுதியது இதுதான். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.