கான்ஃபிக்கர் புழுவும் இற்றைப்படுத்தல் முடக்கமும்

கான்ஃபிக்கர் என்பது 2008 நவம்பரில் கண்டறியப்பட்ட, விண்டோசு இயங்குதளத்தைத் தாக்கும் கணினிப் புழு ஆகும். அது பயன்படுத்திய குறைபாட்டுக்கான பாதுகாப்பு இற்றையை மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபர் 23 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் எளிதில் இரையாயின.

2008 டிசம்பரில் பரவிய இரண்டாம் வடிவம் விண்டோசின் தானியங்கி இற்றைப்படுத்தலை நிறுத்தியது. நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் இணைய முகவரிகளையும் தடுத்தது. இதனால் பிற தளங்கள் வழக்கம்போல் திறந்தன. எதிர்ப்பு மென்பொருளால் மட்டும் புதிய நச்சுநிரல் விவரங்களைப் பெற இயலவில்லை. இணைப்புக் கோளாறு போலத் தோன்றிய இதுவே தொற்றின் முக்கிய அறிகுறியாகும்.

2009 பிப்ரவரியில், புழுவை உருவாக்கியவர்களைப் பிடிக்க உதவும் தகவலுக்கு மைக்ரோசாஃப்ட் 2,50,000 டாலர் பரிசு அறிவித்தது. பாதிக்கப்பட்ட கணினியால் மருந்தைத் தானே பெற முடியாததால், தொற்றில்லாத வேறு கணினியில் நீக்குக் கருவியைப் பதிவிறக்கிக் கொண்டுவந்து இயக்க வேண்டியிருந்தது.