ஈ-75.2: ஓர் எண் வந்த வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், கேட்காது. உள்ளூர் ஆஸ்பத்திரி, பொன்னேரி, பிறகு மின்சார ரயிலேறிச் சென்னை. பையில் சீட்டுகள் சேரும். மண்ணீரல் வீக்கத்துக்கு எண் ஆர்-16.1. வகை தெரியாத ரத்தசோகைக்கு டி-64.9. நோய்க்கு மட்டும் இன்னும் எண் இல்லை.

கடைசியில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் நொதிப் பரிசோதனை. கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி குறைந்து, அந்தக் கொழுப்பு மண்ணீரலிலும் எலும்பிலும் தேங்கும் கௌச்சர் நோய் என்று தெரியவருகிறது. எண்: ஈ-75.2.

இந்த எண்ணின் பூர்வீகம் பாரிஸ். அந்நகரின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் ஜாக் பெர்டியோன் தொகுத்த பட்டியலை 1893இல் சிகாகோவில் கூடிய புள்ளியியலாளர்கள் ஏற்றார்கள். (இவருடைய தம்பி அல்போன்ஸ், குற்றவாளிகளின் உடலை அளந்து ஆளை அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர். தம்பி ஆளைத் தனியாகப் பிரித்தார், அண்ணன் கூட்டமாகச் சேர்த்தார்.) ஜாக்கின் பட்டியல் செத்தவர்களுக்கானது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் கையில் எடுத்தபோதுதான் உயிரோடிருக்கும் நோயாளிகளும் அதில் இடம்பெற்றார்கள். பத்தாம் பதிப்பான ஐசிடி-10, 1990இல் ஏற்கப்பட்டது. நம் மருத்துவமனைகளில் இன்றும் பெரும்பாலும் அதுதான்.

கோளாறு அங்கேதான். ஈ-75.2 கௌச்சருக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபேப்ரி, கிராபே, நீமன்-பிக் நோய்கள் எல்லாம் அதே எண்ணில் ஒண்டுக்குடித்தனம். கௌச்சருக்கு நொதி மருந்து 1991இலேயே வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடைக்கு ஏற்ற அளவில் ஏற்ற வேண்டும். கிராபேக்கு அப்படி ஒரு மருந்து இன்றுவரை இல்லை. ஆண்டுக் கடைசியில் கணக்கெடுப்பவர் 'ஈ-75.2, இத்தனை பேர்' என்று கூட்டி எழுதினால், எத்தனை குப்பி வாங்குவது என்று யாருக்குத் தெரியும்?

அரிய நோய்கள் ஆறாயிரத்துக்கும் மேல். ஐசிடி-10இல் தனி எண் கிடைத்தவை ஏறக்குறைய 500. மற்றவை 'பிற' என்ற மூட்டைக்குள். பிரான்சில் 1997இல் தொடங்கிய ஆர்ஃபாநெட் என்ற அரிய நோய்த் தகவல் தளம் இதற்கென்றே தனியாக ஆர்ஃபா எண்கள் கொடுத்தது: கௌச்சர் 355, ஃபேப்ரி 324. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, சுமார் 5,500 அரிய நோய்களுக்குத் தனி அடையாளம் தந்திருக்கிறது.

எண்ணுக்கும் பணத்துக்கும் தூரம் அதிகமில்லை. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி, எழும்பூர் உள்ளிட்ட உயர் சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆயுள் முழுக்க ஏற்றவேண்டிய மருந்துக்கு அது காணாது. கூடுதலாகக் கேட்க வேண்டுமென்றால், இத்தனை பேர் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். மூட்டைக்குள் கிடப்பவர்களை யார் எண்ணுவார்கள்? மருத்துவமனை மென்பொருள் ஐசிடி-11க்கு மாறும்வரை மருத்துவர்கள் காத்திருக்கத் தேவையில்லை, ஆர்ஃபா எண்ணை இப்போதே எழுதலாம் என்பது என் கட்சி.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போது, நோயின் முழுப் பெயரையும் அதன் ஆர்ஃபா எண்ணையும் கையோடு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.