மேடைத் தமிழும் நம் காதுகளும்



பரிசளிப்பு விழா என்றாலே பேச்சுப் போட்டி இல்லாமல் இருக்காது. நம் பிள்ளைகள் மேடையில் அடுக்கி அடுக்கிப் பேசும்போது நாமும் கைதட்டி மகிழ்கிறோம். இந்த மேடைத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அக்காலத்தில் கோயிலில் கதாகாலட்சேபம் கேட்ட தமிழருக்கு, அரசியல் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்களின் சொத்தாகவே இருந்தது. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளரிடம் தமிழிலேயே பேசினார்கள். வேலைநிறுத்தம் நடந்தது, கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் இருவரும் கைதானார்கள். பேசியதே குற்றமாயிற்று!

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், திரு.வி.க. அதை நல்ல தமிழில் எடுத்துரைப்பார். ஆலைத் தொழிலாளி தன் உரிமையைத் தன் மொழியிலேயே கேட்டான்.

பிறகு வந்தவர் அறிஞர் அண்ணா. 1949-இல் கட்சி தொடங்கி, 1967-இல் முதலமைச்சரானவர். 1965-இல் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். எதுகையும் மோனையும் கலந்த அடுக்குமொழியை அரசியல் மேடையின் நடையாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுக்குமொழி அப்படின்னா என்ன? நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன், கேளுங்கள்: "காடழித்தோம், கன்று நட்டோம், கருக்கலில் எழுந்து பால் வெட்டினோம், கடைசியில் நமக்கென்று கையகல நிலம் உண்டா?"

'கா', 'க' என்று வருவது மோனை. சின்ன வாக்கியத்தில் தொடங்கி வரவர நீளுவது ஏற்றம். முடிவில் வருவது விடை தெரிந்த வினா. கேட்பவரே மனசுக்குள்ளே 'இல்லை' என்று சொல்லிவிடுவார். இன்னொன்றும் உண்டு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தானே வரும்? அதுவரை பேச்சாளர் நம்மைக் காக்க வைக்கலாம். அந்தச் சொல் விழுந்ததும் கைதட்டல் எழும்.

சரி, அலங்காரத்தைக் கழற்றிவிட்டால் மிச்சம் என்ன? 'நமக்கு நிலம் இல்லை.' அவ்வளவுதான். உண்மைதான், ஆனால் என்ன செய்வது என்ற வழி அதில் இல்லையே!

வழி சொன்ன பேச்சும் நம் நாட்டில் உண்டு. வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலம் அது. தொழிலாளி வேலையையும் இழந்தான், லயத்து வீட்டையும் இழந்தான். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேருங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தப் பேச்சின் பலனை ஏக்கர் கணக்கில் அளக்கலாம்.

ஆகவே பெற்றோர்களே, சிரம்பானிலோ பகாவிலோ போர்ட்டிக்சனிலோ, தேர்தல் நேரத்தில் யார் மேடை ஏறினாலும் ரசித்துக் கேளுங்கள். கைதட்டிட்டு வீட்டுக்கு வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன சொன்னார்? என்ன செய்வதாகச் சொன்னார்? எப்போது செய்வதாகச் சொன்னார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது பேச்சு. இல்லையென்றால் வெறும் ஓசை.

மாணவச் செல்வங்களே, அடுக்குமொழி பழகுங்கள். அது நம் மொழியின் அழகு. ஆனால் சோறு இல்லாத வாழையிலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பசி தீராது. முதலில் கருத்தைச் சமையுங்கள். இலை பிறகு விரிக்கலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!