உச்சவரம்பு யாருடைய தலையில் இடித்தது?

1948ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோதே அதன் அட்டவணையில் தோல் பதனிடும் தொழில் இருந்தது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை ஊர்களில் எங்களுக்குத் தெரிந்த கூலிக் கணக்கு அதுதான். இதற்குக் கீழே போகாதே என்று சர்க்கார் ஒரு கோடு போடும், அந்தக் கோட்டை ஒட்டியே முதலாளி சம்பளம் போடுவார். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டிச்சிங் பெண்களின் பீஸ் ரேட், ஓவர்டைம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்று வரிவரியாக எழுதிப் பழகிய கண்ணுக்கு ஐ.பி.எல். ஏலமும் ஒரு சம்பளப் பட்டியலாகத்தான் தெரிகிறது. அங்கே கோடு மேலே போடப்பட்டிருக்கிறது. அது யாரைத் தடுத்தது, யாரை விட்டது என்று பார்த்தால் அந்தப் போட்டியின் சரித்திரமே கிடைத்துவிடும்.

மேலே கோடு போட்டதற்கு நியாயமான காரணம் உண்டு. 2008ல் மும்பை அணியை ரிலையன்ஸ் 11.19 கோடி டாலருக்கு எடுத்தது. ராஜஸ்தான் அணி 6.7 கோடி டாலருக்குப் போனது. கையில் இருப்பதையெல்லாம் இறக்கலாம் என்று விட்டிருந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் இரண்டு மூன்று அணிகளுக்குள் அடங்கியிருப்பார்கள். அதனால் வீரர்களை வாங்க ஒரு அணிக்கு 50 லட்சம் டாலர்தான் என்று வைத்தார்கள். பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த அந்த முதல் ஏலத்தில் தோனியின் விலை ஏறிய விதத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். சச்சின், கங்குலி, திராவிட், யுவராஜ், சேவாக் ஐந்து பேரும் 'ஐகான்' வீரர்கள். தங்கள் அணியில் மிக அதிக விலைக்குப் போனவரைவிட 15 சதவீதம் கூடுதல் சம்பளம் அவர்களுக்கு. மும்பை 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் கொடுக்க வேண்டும். இரண்டே பேருக்கு 32.25 லட்சம் போய்விட்டால், மிச்சம் 17.75 லட்சத்தில் முழு அணியையும் கட்ட வேண்டும். சென்னைக்கு ஐகான் கிடையாது. 15 லட்சத்துக்குத் தோனி சென்னைக்கு வந்தது இந்தக் கணக்கால்தான்.

அந்த வருஷம் ஏலத்தில் மிகக் குறைவாகச் செலவழித்த அணி ராஜஸ்தான். ஷேன் வார்னை 4.5 லட்சம் டாலருக்கு எடுத்து, இறுதியாட்டத்தில் கடைசிப் பந்தில் சென்னையைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. உச்சவரம்பு எதற்காக வந்ததோ அது முதல் வருஷமே நடந்தது. சென்னை தோற்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு; ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2010ல் ஒருவருக்கு 7.5 லட்சம் டாலருக்கு மேல் கேட்கக்கூடாது என்று இன்னொரு கோடு போட்டார்கள். கீரன் போலார்டுக்கு நான்கு அணிகள் அந்த எல்லையைத் தொட்டு நின்றன. உடனே 'ரகசிய டை-பிரேக்கர்' வந்தது. ஒவ்வொரு அணியும் ஒரு தொகையை எழுதி மூடிக் கொடுக்க வேண்டும். அதிகம் எழுதியவருக்கு ஆள். மும்பை வென்றது. எழுதிய தொகை அணியின் உச்சவரம்பில் சேராது, வெளியிலும் சொல்ல மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. தரகர் துண்டால் கையை மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துண்டுக்குள் பேசிய பணம் மாட்டை விற்றவன் மடிக்கு வந்து சேர்ந்துவிடும். போலார்டுக்கு 7.5 லட்சம்தான். அதற்கு மேற்பட்டது கிரிக்கெட் வாரியத்துக்கு.

அதே 2010ல், ராஜஸ்தானோடு ஒப்பந்தம் இருக்கும்போது வேறு அணியோடு பேசினார் என்று ரவீந்திர ஜடேஜாவை ஒரு சீசன் முழுக்க விலக்கி வைத்தார்கள். அடுத்த வருஷம் கொச்சி அணி அவரை 9.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. கொச்சி கலைந்து 2012ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் தங்களிடம் இருந்த 20 லட்சம் வரை போய் முட்டிக்கொண்டன. மறுபடி மூடிய சீட்டு. சென்னை வென்றது.

பணக்கார அணிகளுக்கு இப்படி ஒரு சந்து இருந்தது. இந்தியாவுக்கு ஆடாத உள்நாட்டுப் பையன்களுக்கு எந்தச் சந்தும் இல்லை. 2011 முதல் 2013 வரை அவர்களுக்கு ஏலமே கிடையாது. முதல்தர கிரிக்கெட்டில் எத்தனை வருஷம் என்று பார்த்து 10, 20, 30 லட்சம் ரூபாய் என்று படி வைத்துவிட்டார்கள். 2014ல் கதவைத் திறந்ததும் ரயில்வே அணியின் கரண் சர்மாவை ஹைதராபாத் 3.75 கோடிக்கு எடுத்தது. முந்தைய மூன்று வருஷம் இப்படிப்பட்டவர்களுக்குப் போய்ச் சேராத பணம் எவ்வளவு என்பதற்கு இந்த ஒரு விலையே சாட்சி.

இங்கிலாந்துக் கால்பந்தில் இந்தக் கதை முன்பே நடந்திருக்கிறது. 1901ல் ஒரு ஆட்டக்காரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் இல்லை என்றார்கள். அறுபது வருஷத்தில் அது 20 பவுண்டாக ஏறியது, அவ்வளவுதான். ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் என்று நின்ற பிறகே 1961 ஜனவரியில் அதை எடுத்தார்கள். ஃபுல்ஹாம் அணி ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. இங்கே 2019ல் வந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று ஆடுகிறவனுக்காகப் பேச ஒரு சங்கமும் இல்லை. தொழிற்சங்கம் இல்லாத பட்டறையில் ரேட் எப்படி நிர்ணயமாகும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016ல் தொடங்கியது. எங்கள் மாவட்டங்களின் பெயரில் அதில் ஒரு அணியும் இல்லை. முதலில் டிராஃப்ட் முறை. 2023ல்தான் ஏலத்துக்கு மாறினார்கள், அணிக்கு 70 லட்சம் ரூபாய். கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அந்தச் சமயம் ஐ.பி.எல்.லில் குஜராத் அணி அவருக்குக் கொடுத்த சம்பளம் 20 லட்சம். மே 29 அன்று அகமதாபாத் இறுதியாட்டத்தில் அதே சம்பளத்தில் சென்னையை எதிர்த்து 47 பந்தில் 96 எடுத்தார். அடுத்த சம்பள உயர்வு, 8.5 கோடியாக, 2025 சீசனுக்குத்தான் வந்தது. உலகம் முழுக்கப் பார்க்கும் போட்டியைவிடத் திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஆடும் போட்டி ஒருவனுக்குக் கூடுதல் விலை வைத்தது என்றால், கோணல் எந்தப் பட்டியலில் என்று பார்க்க வேண்டும்.

அணிகளிடையே சமநிலை வந்ததா என்றால், ஓரளவு வந்தது. 2025 வரை 18 கோப்பைகளை எட்டு அணிகள் பகிர்ந்திருக்கின்றன. அதில் பத்து சென்னைக்கும் மும்பைக்கும். வரம்பை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. 2025க்கான ஏலத்தில் அணிக்கு 120 கோடி, அது இருக்கட்டும். வரம்புக்கு வெளியே வழிகிற பணத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா கேமரூன் கிரீனை 25.20 கோடிக்கு எடுத்தது. சிறு ஏலத்தில் வெளிநாட்டவருக்கு 18 கோடிக்கு மேல் கிடையாது என்ற விதியால் மிச்சம் 7.20 கோடி வாரியத்துக்குப் போனது. வீரர் நலனுக்கு என்கிறார்கள். அப்படியென்றால் எந்த வீரருக்கு, எவ்வளவு என்று வருஷா வருஷம் கணக்கு வெளியிடட்டும். 2012ல் ஜடேஜாவுக்காகச் சென்னை எழுதிக் கொடுத்த தொகையையும் அதில் சேர்த்து.